பத்தாவது சாமான்

வெளியூர் புறப்படும்போது கொண்டுபோகும் சாமான்களை நான் ஒரு தாளில் எழுதி, வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிய பிறகுதான் பெட்டியை மூடுவேன். எண்ணிக்கை ஒற்றைப்படையில் நிற்க வேண்டும். இரட்டைப்படையில் நின்றால் ஒரு துண்டையோ விசிறியையோ சேர்ப்பேன், அல்லது எடுத்துவிடுவேன். வீட்டில் இதைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. எங்கள் அம்மா சோப்புப் பெட்டியைக்கூட ஒரு சாமானாக எழுதுவார்கள் என்று என் மகன் தன் சிநேகிதர்களிடம் சொல்லுவான். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், பால்காரர் வராத நாள் எல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பது மட்டும் இல்லை. அதை எழுத வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. சண்டைக்காலம். எங்கள் ஊர் நூம்பல். பூந்தமல்லிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் பட்டாளத்து லாரிகள் ஆவடிப் பக்கம் போகும் இரைச்சல் வயலில் நிற்கும்போது கேட்கும். சர்க்கரை கண்ணில் படுவதில்லை. மண்ணெண்ணெயும் அப்படித்தான். அக்காவை அம்பத்தூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தில் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினேழு வயது.

அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று மாசி மாதத்தில் ஒரு கார்டு வந்தது. மறுநாளே நைனா ஒரு சீப்புப் பழத்துடன் பார்த்துவரக் கிளம்பினார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். அம்மா வரவில்லை. அம்மா வெறுங்கையோடு போகக்கூடாது; மூன்றாம் மாதத்தில் நாள் பார்த்து, மகளின் வாய்க்கு ருசியானதையெல்லாம் செய்து எடுத்துக்கொண்டு முறையாகப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்தப் பகலில் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் இளைத்திருந்தாள். கல்யாணத்தின்போது கை நிறைய அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்களில் இடது கையில் மூன்றுதான் மிச்சம். நான் எதையும் எண்ணுகிறவள் என்பதால் அதை உடனே கேட்டேன்.

"வாளி இடிச்சி ஒடஞ்சிட்டுது" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்தாள். "அம்மா வர்றப்ப எனக்கு எள்ளுருண்டை கொண்டாந்து குடுக்கிறியா?"

"அம்மாகிட்ட சொல்றேன்க்கா."

"அம்மாகிட்ட சொல்லாத. நீயே இடிச்சி நீயே உருட்டு. என் கையில மட்டும் குடு."

"ஏன்?"

"இந்த ஊட்ல எனக்குன்னு ஒண்ணு வந்தா பங்கு போட்டுக்கிறாங்க. அதான்."

"எத்தினி வேணும்?"

அக்கா இதற்குச் சிரித்தாள். "எத்தினி உருட்டினாலும் சரி. ஆனா நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அம்மா கேட்டாலும் சொல்லக்கூடாது. என் தல மேல கை வச்சி சொல்லு."

நான் கையை வைத்தேன். அவள் தலை வெயிலில் சூடாக இருந்தது. தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு உரியவர் பிழைக்க மாட்டார் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எனக்குப் பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெருமை அதிகம். வீட்டில் இத்தனை பேர் இருக்க, அக்கா என்னிடம் அல்லவா கேட்டிருக்கிறாள்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை போவதாக முடிவாயிற்று. முந்தின நான்கு நாட்களும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று அம்மாவும் நைனாவும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின் போதும் வாதம் செய்தார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பட்டியல் எழுதும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன்.

புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு மூன்றும் தகராறு இல்லாமல் ஏறின. தயிர்ச்சோறு போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடாதா என்று நைனா கேட்டதற்கு, பாலை ஊற்றி ஒரு கரண்டி மோர் விட்டால் வழியிலேயே தயிராகிவிடும் என்றாள் அம்மா. பொரிவிளங்காய் உருண்டை வெல்லத்தில் செய்வது என்பதால் சர்க்கரைத் தட்டுப்பாடு அதைப் பாதிக்கவில்லை. முறுக்கு ஒரு டின். மாவடு ஒரு ஜாடி. அக்காவுக்கு அது உயிர். ஒரு தார் வாழைப்பழம். பூவும் மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டு. கடைசியாகப் புடவையும் இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் சேர்ந்து ஒரு மூட்டை. ஒரு துணியில் கட்டினால் ஒரு சாமான் என்று கணக்கு. மொத்தம் ஒன்பது.

"சூடு பண்றது ஒண்ணும் வேணாம்" என்று அம்மா அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

"சூடுன்னா ஆறாததாம்மா?" என்று கேட்டேன்.

"உனுக்கு எதுக்கு அது. எழுதற வேலைய பாரு."

அவள் அன்று ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. அப்படி நினைப்பதே பழியை அவள் பக்கம் நகர்த்தும் தந்திரம் என்று இப்போது தெரிகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு எது ஆகும், எது ஆகாது என்று பத்து வயதுப் பெண்ணிடம் அந்தக் காலத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை நைனா ஒரு மூட்டைப் புது அரிசியைக் கொண்டுவந்து நடையில் வைத்தார். "இதயும் ஏத்திடு. நம்ம நெலத்து அரிசி. அங்க ரெண்டு பெரியவங்க கீறாங்க, சாப்புடட்டும்."

"அப்ப பத்தாயிடும்" என்றாள் அம்மா.

"ஆனா இன்னா? எண்ணிகினு ஒக்காந்துனு இருப்பாங்களா?"

"எண்ணுவாங்க. பொண்ணு ஊட்லருந்து வந்தது ரெட்டப்படையில நின்னுதுன்னா அத ஊர் முழுக்க சொல்லுவாங்க."

"அப்ப இன்னும் ஒண்ணு சேத்து பதினொண்ணா பண்ணு."

"இன்னாத்த சேக்கறது, உங்க கோவணத்தையா?"

நைனா சிரித்துக்கொண்டே மூட்டையை உள்ளே தூக்கிப் போனார். இப்படியாக, பத்தாகிவிடும் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் நிலத்து அரிசி நின்றுவிட்டது.

என் வேலை அன்று மத்தியானமே முடிந்திருந்தது. அம்மா வாழையிலை அறுக்கப் போயிருந்த நேரத்தில் பானையிலிருந்து எள்ளை எடுத்து வறுத்து, வெல்லத்தைப் போட்டு உரலில் இடித்து உருட்டினேன். பதினொரு உருண்டை வந்தது. சரியாக இருக்கிறதா என்று ஒன்றைத் தின்று பார்த்தேன். மீதி பத்து இரட்டைப்படை ஆகிவிட்டதால் இன்னொன்றையும் தின்ன வேண்டியதாயிற்று. ஒன்பதையும் ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் அடுக்கி, வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே இரட்டை முடிச்சுப் போட்டேன். மாற்றுப் பாவாடையைச் சுற்றி என் துணிப்பையின் அடியில் வைத்தேன். பட்டியலில் எழுதவில்லை. நான் எழுதிய பட்டியல்களில் ஒரு சாமான் வேண்டுமென்றே விடுபட்டது அது ஒன்றில்தான்.

அன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை நைனாவுக்கு இருந்ததால் சித்தப்பா வண்டி ஓட்டினார். பொழுது விடியும்போதே புறப்பட்டோம். வேலப்பன்சாவடியில் பெரிய சாலையைத் தாண்டுவதற்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அம்மா பூத்தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இவனுங்களும் பொண்ணு ஊட்டுக்குத்தான் போறானுங்க போல அண்ணி" என்றார் சித்தப்பா. "நம்மள விட அவசரமா போறானுங்க."

அம்மா சிரித்தாள். திருவேற்காட்டைத் தாண்டிக் கூவத்தில் இறங்கி ஏறினோம். பங்குனியில் ஆற்றில் மணல்தான். நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. மணலில் இறங்குவதற்கு முன்பே சித்தப்பா மாடுகளை அதட்டி விரட்டி, அக்கரை ஏறும் வரை நிற்கவிடாமல் ஓட்டினார். மணலில் வண்டியை நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும் என்று எனக்குச் சொன்னார். அம்மா வழி முழுவதும் அக்காவைப் பற்றியே பேசினாள். பிரசவம் ஐப்பசியில்தான் ஆகும், புரட்டாசிக்கு முன்பே கூட்டிவந்துவிட வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் கூவத்தில் வண்டி இறங்காது. அவளைப் படுக்கவைப்பதற்கு எந்த மூலையைச் சாணி போட்டு மெழுகுவது என்பது வரை சொன்னாள்.

தாய்வீட்டிலிருந்து வந்ததைக் கூடத்தின் நடுவில் பாய் விரித்து வரிசையாக வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துக் காட்டுவது முறை. வண்டி நின்றதும் அக்காவின் நாத்தனார் ஓடிவந்தாள். பதினாலு வயதுப் பெண். உதவி செய்ய வேண்டும் என்ற ஆசை தவிர அவளிடம் வேறு குற்றம் இல்லை. நான் இறங்கி அக்காவைத் தேடி உள்ளே ஓடிய அந்த நேரத்துக்குள் அவள் வண்டியைக் காலி செய்துவிட்டாள். என் துணிப்பை சரிந்து ஓலைப்பெட்டி வைக்கோலில் உருண்டிருக்க வேண்டும். நான் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, மாவடு ஜாடிக்குப் பக்கத்தில், வாழைநார்க் கட்டுடன் அது உட்கார்ந்திருந்தது.

நான் அதை எடுத்திருக்கலாம். எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவின் மாமியார் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

"பத்து" என்றார்.

"ஒம்போது சம்மந்தி" என்றாள் அம்மா.

"பத்து கீதே."

மறுபடியும் எண்ணினார்கள். பத்துதான். அம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்கு அந்த ஓலைப்பெட்டியைத் தெரியும். எங்கள் வீட்டுப் பெட்டி. முடிச்சையும் தெரிந்திருக்கும். என்னைப் போல இரட்டை முடிச்சுப் போடுகிறவர்கள் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை. மாமியார் முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தார்.

எட்டிப் பார்த்த பெண்கள் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது புரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. ஒருத்தி, "எள்ளா?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னொருத்தி அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மூணு மாசத்துக்காரிக்கு எள்ளு" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. "பெத்தவ ஊட்லருந்து இது வர்றத இப்பதான் பாக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம். பிறகு சொன்னாள்:

"தப்பு எம்மேலதான் சம்மந்தி. சின்னது வழில பசிக்கும்னுச்சி. அதுக்கு உருட்டி எடுத்தாந்தேன். எறக்கறப்ப இதோட வந்துட்டுது."

"வழில தின்றதுக்கா? கட்டு பிரிக்கவேயில்லயே. ஒம்போதும் அப்படியே அடுக்கி வச்சாப்பல கீது." மாமியார் என் பக்கம் திரும்பி ஓர் உருண்டையை நீட்டினார். "உனுக்குத்தானாம் கண்ணு. ஒண்ணு தின்னு பாக்கலாம்."

முந்தின நாள் இரண்டு தின்ற வாய் அது. அந்த உருண்டை உள்ளே போகவில்லை. எள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன். அழுகையோடு மென்றேன்.

"கொழந்த பொய் சொல்லாது" என்றார் மாமியார் அங்கிருந்தவர்களிடம்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரப்போகும் பேரப்பிள்ளைக்காக அவர் பயந்தது நடிப்பு இல்லை. பெட்டியை மூடி, அக்காவுக்கு எட்டாமல் வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தார். அவர் இடத்தில் யாரும் பதறியிருப்பார்கள். அம்மா தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று பார்ப்பதற்கில்லை என்றார். இப்படிப்பட்ட தாயை நம்பி எப்படி அனுப்புவது என்று கேட்டார். தலைப்பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்பதைவிடப் பெரிய அவமானம் ஒரு தாய்க்கு இருக்க முடியாது. எங்கள் அம்மா யாருக்கும் தலை வணங்காதவள். வாய்க்கால் தகராறில் ஊர்ப் பெரியவர்களையே எதிர்த்துப் பேசியவள். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

"அப்படி சொல்லிடாதிங்க. தெரியாம நடந்துபோச்சி. ஏழாம் மாசம் எம்பொண்ண அனுப்பி வச்சிடுங்க."

"அத அப்பால பாக்கலாம்" என்றார் மாமியார். அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

நான்தான் செய்தேன், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுந்து சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்டார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அக்காவின் தலை போய்விடும். இப்படி ஒரு காரணம் என்னிடம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதானால், அத்தனை பேர் முன்னால் என்மேல் பழி விழாமல் அம்மாமேல் விழுந்ததில் உள்ளுக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் வெகுகாலம் கூசினேன்.

புறப்படும் முன் அம்மா மூட்டையைப் பிரித்து அக்காவுக்கு வளையல் போட்டுவிட்டாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவும் மகளும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. முழங்கைவரை மூடியிருந்த முந்தானையை அம்மா விலக்கியபோது அக்கா கையை வெடுக்கென்று இழுத்தாள். அம்மா விடவில்லை. முழங்கைக்கு மேலே மஞ்சளும் பச்சையுமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இருந்தது. மஞ்சள் தேய்த்துக் குளித்தவள் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். அம்மா முந்தானையை இழுத்து மூடினாள். அந்தக் கைக்கு உரிய பன்னிரண்டு வளையலையும் ஒவ்வொன்றாக, வலிக்காமல் ஏற்றினாள். அதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

திரும்பி வரும்போது சித்தப்பா வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு மாடுகளை விரட்டியே ஓட்டினார். அவர் வெளியே மாட்டோடு இருந்தவர். அவருக்கும் விஷயம் எட்டியிருக்க வேண்டும். கூவத்தில் இறங்கி, பாதி மணலைக் கடந்திருப்போம்.

"நிறுத்துப்பா" என்றாள் அம்மா.

"இங்கியா? மணலு அண்ணி. எறங்கிடும்."

"நிறுத்துன்றேன்."

வண்டி நின்றது. சித்தப்பா இறங்கி மாடுகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"அவ கேட்டாளா?"

"யாரு?"

"உங்கக்கா. எள்ளு வேணும்னு அவ கேட்டாளா?"

"இல்ல."

"நெசமா சொல்லு. நான் அடிக்க மாட்டேன். போன மாசம் நைனாவோட போனப்ப அவ எதனா சொன்னாளா உன்கிட்ட?"

அக்காவின் தலைச்சூடு என் உள்ளங்கையில் இருந்தது. "இல்லம்மா. அக்காவுக்குப் புடிக்கும்னு நானாதான் செஞ்சேன்."

"நீயாதான்?"

"நானாதான்."

அம்மா என் முகத்தை விட்டுவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கரையில் ஒரு பனைவரிசை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, "ஓட்டுப்பா" என்றாள். இத்தனை கேட்டும் வாய் திறக்காமல் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று தோன்றியது.

சொன்னபடியே அவர்கள் அக்காவை அனுப்பவில்லை. ஐப்பசியில் அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அம்மாவைப் பதினோராம் நாள்தான் பார்க்கவிட்டார்கள். அடுத்த வருஷம் அக்காவுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. குளிக்கும்போது தண்ணீர் புகுந்துவிட்டதாகக் கார்டில் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளோடு பேசுவதென்றால் வலது பக்கம் உட்கார வேண்டும்.

எள்ளுருண்டையைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நூம்பல் வீட்டில் நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் எண்ணிகினுதான் கீறியா நீ?"

நான் எழுந்து அவளுடைய வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். அம்மா இல்லாத வீடு என்பதாலோ என்னவோ, எங்கள் இருவருக்கும் ஒரே ஞாபகம் வந்திருக்கிறது. அவளே ஆரம்பித்தாள்.

"எள்ளு தின்னா கலஞ்சிடும்னு பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா. கலஞ்சா, போயி ஒரு மாசம் அம்மா ஊட்ல படுன்னு அனுப்புவாங்கன்னு நெனச்சேன். அவ்ளோதான். புள்ள வேணாம்னுலாம் இல்ல. ஒரு மாசம் நம்ம ஊட்ல படுத்துக்கணும்."

அந்தப் பிள்ளை, இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய், எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகு அக்கா கேட்டாள்.

"அன்னிக்கு அம்மா உன்ன ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க. கூவத்துல வண்டிய நிறுத்தி கேட்டாங்க. நீ கேட்டியான்னு."

"நீ இன்னா சொன்னே?"

"நானா செஞ்சேன்னு சொன்னேன். உன் தல மேல சத்தியம் பண்ணியிருந்தேனே."

அக்கா டம்ளரைக் கையில் வைத்து உருட்டினாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"என் கைய பாத்துட்டாங்க இல்ல, அதான் வருவாங்கன்னு நெனச்சேன். வண்டிய திருப்பினு வந்து இட்டுகினு போயிடுவாங்கன்னு. பொழுது சாயற வரைக்கும் தெருவுல வண்டி சத்தம் வருதா வருதான்னு கேட்டுகினே இருந்தேன்." காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அப்ப ரெண்டு காதும் நல்லா கேக்கும்."

நான் பெட்டியில் வைத்த சாமான்களை மறுபடியும் வெளியே எடுத்து முதலிலிருந்து எண்ணினேன்.

அன்று கூவத்தில் அம்மா "ஓட்டுப்பா" என்று சொன்ன பிறகும் வண்டி நகரவில்லை. சித்தப்பா பயந்தபடியே வலது சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. மாடுகள் இழுத்துப் பார்த்து நின்றுவிட்டன. அம்மா இறங்கவில்லை, வண்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் குதித்தேன். சக்கரத்தின் ஆரக்கால்களைப் பிடித்து, சித்தப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, மாட்டை அதட்டிக்கொண்டே தள்ளினோம். என் பலம் முழுவதையும் போட்டுத் தள்ளினேன். மூன்றாம் தடவையில் சக்கரம் எழும்பி, வண்டி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரையில் ஏறிவிட்டது.

"சின்னவ இல்லன்னா இன்னிக்கு இங்கியே நின்னிருப்போம் அண்ணி" என்றார் சித்தப்பா.

அன்று காலையிலிருந்து யாரும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளங்கை மணலைப் பாவாடையில் தட்டிவிட்டு, ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.